செய்தி காதில் விழுந்த நாள்

என் அப்பா இறந்துபோனது எங்கள் சந்தில் எல்லோருக்கும் தெரியும், என்னைத் தவிர. ஆனி மாதக் கடைசியில் திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரியில் அவர் கண்ணை மூடினார். தாராவியில் நான் ஆவணி வரைக்கும், அவருக்கு உடம்பு தேறி வருகிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நாட்களில் நான் செய்துகொண்டிருந்த வேலை என்ன தெரியுமா? பழைய சீன அதிகாரிகள் அப்பா அம்மா இறந்தால் எப்படித் துக்கம் காத்தார்கள் என்பதைப் பற்றிய ஆராய்ச்சி. இதைச் சொல்லும்போது சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். நான் அவர்களைக் கோபித்துக்கொள்வதில்லை.

தாராவியில் பிறந்த பெண்ணுக்குச் சீனா எதற்கு என்று கேட்காத ஆள் கிடையாது. ரேஷன் கடைக்காரர் கேட்டிருக்கிறார். பெண் பார்க்க வந்தவர்கள் கேட்டுவிட்டு, பஜ்ஜியை மட்டும் தின்றுவிட்டுப் போயிருக்கிறார்கள். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்தேன். மாட்டுங்காவில் ஒரு கல்லூரியில் வரலாறு எடுத்தேன். கடைசி வருடம் சீன வரலாறு என்று ஒரு விருப்பப் பாடம் இருந்தது. அதற்கு ஆள் குறைவு, ஃபேனுக்குக் கீழே இடம் கிடைக்கும் என்று போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

அந்தப் பாடத்தை நடத்திய மேடம்தான் பின்னால் என் ஆராய்ச்சிக்கும் வழிகாட்டி. பாலக்காட்டுக் குடும்பம், மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர். கல்லூரிக்குள் ஆங்கிலம், என்னோடு தனியாக இருக்கும்போது மட்டும் அவர் வீட்டுத் தமிழ்.

"பிரைமரி சோர்ஸைப் பாக்காம ஒரு வரி எழுதப்டாது, தெரிஞ்சுதா? யாரோ எழுதின புஸ்தகத்தைப் பாத்து இன்னொரு புஸ்தகம் எழுதறதுக்கு நீ எதுக்கு?" என்பார். சம்பவம் நடந்த காலத்தில், அதில் சம்பந்தப்பட்டவர்கள் கைப்பட எழுதியது முதன்மை ஆதாரம். அதைப் படித்துவிட்டுப் பின்னால் வந்தவர்கள் எழுதியது இரண்டாம் நிலை. இது எல்லா மாணவருக்கும் முதல் வாரமே சொல்லித் தருகிற விஷயம்தான். மேடம் அதைச் சாமி கும்பிடுகிற மாதிரி கடைப்பிடித்தார். அதனால்தான் நான் சீனமொழியே கற்றுக்கொண்டேன். மாலை வகுப்பில் நான்கு வருடம் இன்றைய சீனம், அதற்கு மேல் மேடம் பிடித்துக் கொடுத்த ஒரு பேராசிரியரிடம் கணினி வழியாகப் பழைய சீனம்.

பழைய சீனத்தில் புள்ளி கிடையாது, கமா கிடையாது. ஒரு வாக்கியம் எங்கே முடிகிறது என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் வீடு கீழே ஒரு அறை, இரும்பு ஏணியில் ஏறினால் மேலே ஒரு அறை. மேலே நிமிர்ந்து நிற்க முடியாது, ஆனால் உட்கார்ந்து படிக்கலாம். அங்கே லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, அரசவைப் பதிவுகளின் படங்களைப் பெரிதாக்கி, ஒவ்வொரு எழுத்தாக அகராதியில் தேடுவேன். பக்கத்து வீட்டில் ஹிந்தி சீரியல் ஓடும், எதிரே தையல் மெஷின்கள் ஓடும். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தால் அரைப் பக்கம் தேறும். அந்த அரைப் பக்கம் தேறிய நாட்களில் நான் ரொம்பச் சந்தோஷமாக இருந்திருக்கிறேன்.

என் விஷயம் இதுதான். மிங் வம்சத்து ஆட்சியில், அப்பாவோ அம்மாவோ இறந்தால் அதிகாரி வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்த் துக்கம் காக்க வேண்டும். பேருக்கு மூன்று வருடம், கணக்கில் இருபத்தேழு மாதம். பதவி போய்விடும் என்று பயந்து மரணத்தை மறைத்தவனுக்குத் தண்டனை. மகன் தூர தேசத்தில் வேலையில் இருந்தால், அப்பா இறந்த நாளிலிருந்து கணக்கு இல்லை, செய்தி அவன் காதில் விழுந்த நாளிலிருந்துதான் கணக்கு. ராஜாவுக்கு அந்த அதிகாரி இல்லாமல் முடியாது என்றால், போகாதே, வேலையிலேயே இரு என்று உத்தரவு போடலாம். இந்த உத்தரவுக்குச் சீனத்தில் இரண்டே எழுத்து. தமிழில் சொன்னால், பாசத்தைப் பறிப்பது. ஒரு பெரிய மந்திரிக்கு அப்படி உத்தரவு வந்தபோது, இது அடுக்காது என்று எதிர்த்து மனு எழுதியவர்களை அரண்மனை வாசலில் போட்டு அடித்தார்கள். அந்த மாதிரி உத்தரவுகளும் எதிர்ப்புகளும்தான் என் ஆராய்ச்சி.

அப்பா செம்பூர், கோவண்டி, தேவ்நார் பக்கம் ஆட்டோ ஓட்டினார். சயானுக்குத் தெற்கே ஆட்டோ போகக்கூடாது என்பதால் என் கல்லூரி இருந்த மாட்டுங்காவுக்கு ஒருநாளும் என்னைக் கொண்டுவிட்டதில்லை. அதற்கு ஈடாக, ராத்திரிச் சாப்பாட்டின்போது நான் அன்று படித்ததையெல்லாம் கேட்பார். நான் படித்தது புரியாவிட்டாலும் கேட்பது அவருக்குப் பிடிக்கும். இந்தத் துக்கச் சட்டத்தைச் சொன்ன அன்று, பிசைந்த சோற்றை வாயில் வைக்காமல் என்னைப் பார்த்தார்.

"அப்பன் செத்தா வேலைய விட்டுட்டு ரெண்டு வருசத்துக்கு மேல வீட்ல உக்காரணுமா? அப்பொ கஞ்சிக்கு என்ன செய்வான்?"

"பெரிய ஆபீசர்ப்பா. நெலபுலம் இருக்கும்."

"அதான பாத்தேன். நமக்கெல்லாம் சாம்பலுக்குப் பாலூத்திக் காடாத்து முடிஞ்ச கையோட வண்டிய எடுத்தாத்தாம் சோறு."

பாசத்தைப் பறிப்பது என்கிற உத்தரவைச் சொன்னேன். "பேரு நல்லாத்தாம் வச்சிருக்கான்," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த அப்பங்காரன் என்ன நெனைச்சான்னு எழுதிருக்கா?" என்று கேட்டார்.

"செத்தவர் எப்படிப்பா எழுதுவாரு?"

"சாவதுக்கு முந்தி நெனைச்சிருப்பாம்லா."

அப்படி ஒரு ஆதாரம் கிடையாது என்று சொல்லிவிட்டு நான் தட்டைக் கழுவப் போனேன்.

அப்பாவுக்குக் கிட்னி பழுது என்று தெரிந்தபோது என் ஆராய்ச்சி முடிகிற கட்டம். ஏணி ஏற முடியவில்லை, பொதுக் கக்கூஸ் வரைக்கும் நடக்க முடியவில்லை. அம்மாவின் அண்ணன்மார் திருநெல்வேலியில் இருக்கிறார்கள், அங்கே ஆஸ்பத்திரி பக்கம், ஆள் துணையும் உண்டு என்று முடிவானது. நானும் வருகிறேன் என்றேன். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "நீ எழுதி முடி, தாயி. நான் மருந்து தின்னுட்டுப் படுத்திருக்கதப் பாக்க ரெண்டு பேரு எதுக்கு?" என்றார். ஸ்டேஷனில் ரயில் கிளம்பும் வரை, கீழ் பெர்த்தில் பெட்டியை ஏற்றி வைத்த ஒருத்தரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். வண்டி நகரும்போது ஜன்னல் வழியாக என்னிடம் சொன்னது, மழை வருமுன் ஆட்டோவுக்கு நல்ல தார்ப்பாய் போடச் சொல்லு சித்தப்பாட்ட என்பது. அதுதான் நான் அவர் முகத்தைக் கடைசியாகப் பார்த்தது. அது கடைசி என்று தெரிந்திருந்தால் தார்ப்பாயைப் பற்றிப் பேச விட்டிருப்பேனா?

தினமும் சாயங்காலம் போன் செய்வேன். முதலில் நன்றாகப் பேசினார். பிறகு மூச்சு வாங்கியது. அப்புறம் ஒருநாள் அம்மா எடுத்தாள். தொண்டையில் குழாய் போட்டிருக்கிறார்கள், பேச்சு வராது, ஆனால் காது கேட்கும் என்றாள். நான் உடனே டிக்கெட் எடுக்கிறேன் என்றேன். "வராத. இங்க என்னைய மட்டுந்தாம் உள்ள விடுதாவ. நீ கண்ணாடி வழியாத்தாம் பாக்கணும். நீ ஒன் சோலியப் பாரு," என்றாள். அம்மா குரல் கட்டியிருந்தது. ஆஸ்பத்திரி ஏசி குளிர் என்று நினைத்துக்கொண்டேன். ஆடி பிறந்து சில நாள் கழித்து மேடத்திடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வைவா தேதி எப்ப வேணா வந்துடும். இப்பப் போகாதே. போனா திரும்பி வரமாட்டே," என்றார். வைவா என்பது நேர்முகத் தேர்வு, அது முடிந்தால்தான் பட்டம்.

அப்பாவுக்குப் பேச்சு வராது என்று கேட்ட அன்றிலிருந்து நான் அம்மாவிடம், "அப்பா காதுல வை," என்பேன். கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. பிறகு, "வச்சிட்டேன், பேசு," என்று அம்மா குரல் தூரத்திலிருந்து கேட்கும். நான் பேசுவேன். இன்றைக்கு எந்த அத்தியாயம் திருத்தினேன், மேடம் எங்கே சிவப்பு மையில் கோடு போட்டார், மந்திரியை எதிர்த்து மனு எழுதினவனுக்கு என்ன ஆயிற்று, எல்லாம் சொல்வேன். சீக்கிரம் தேறி வாங்க, உங்க ஆட்டோவைச் சித்தப்பா குதிரை மாதிரி ஓட்டுறாரு என்று சிரிப்பேன். முடிந்ததும், "அப்பா என்ன சொல்றாவ?" என்று கேட்பேன். "தலைய ஆட்டுதாவ," என்பாள் அம்மா. வைத்துவிடுவேன்.

அந்த மாதத்தில் சந்தில் நடந்ததையெல்லாம் இப்போது ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன். நான்கு வீடு தள்ளி இருந்த சித்தப்பா, நிலப் பத்திரம் விஷயம் என்று திடீரென்று ஊருக்குப் போனார். திரும்பி வந்தபோது தலை மொட்டை. மீசையும் இல்லை. "திருச்செந்தூர்ல முடி எறக்கினேம்ட்டி. அண்ணனுக்கு வேண்டுதல்," என்றார். மொட்டைத் தலையில் சந்தனத்தின் தடம்கூட இல்லை. ரெண்டு நாள் ரயிலில் வந்த தலையில் சந்தனம் எப்படி இருக்கும் என்று நானே அவருக்காகப் பதில் சொல்லிக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு அக்கா எனக்குத் தினமும் சோறு கொண்டுவந்தாள். அடுப்பைப் பற்ற வைக்காதே, படிக்கிற பிள்ளை என்றாள். ஆடியில் எங்கள் சந்து அம்மன் கோயிலில் கொடை, வருடத் திருவிழா. சிறுமியாக இருந்த காலத்திலிருந்து நான் முளைப்பாரி எடுத்திருக்கிறேன். அந்த வருடம் கொடைக்கு வரி கேட்டு வந்தவர்கள் எங்கள் கதவைத் தாண்டிப் போனார்கள். நானே கூப்பிட்டுக் கொடுக்கப் போனேன். கோயில் கமிட்டிப் பெரியவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "உங்கப்பா வந்து குடுக்கட்டும்மா," என்றார். முளைப்பாரிக்கும் என் பெயர் இல்லை. "ஒனக்குப் பரிச்சை இருக்குல்லா, இந்த வருசம் கோயில் பக்கம் வராண்டாம், நாங்க சேத்துக் கும்பிட்டுக்கிடுதோம்," என்றார்கள் பெண்கள். எவ்வளவு நல்ல சனங்கள் என்று எனக்குக் கண் கலங்கியது. துக்க வீட்டுக்காரி கோயிலுக்கு வரக்கூடாது என்பது எனக்குத் தெரியாத விஷயமா? தீட்டு என்மேல் ஒட்டியிருந்தது, துக்கம்தான் வந்து சேரவில்லை. நானூறு வருடத்துக்கு முந்தைய சீனாவில் எவன் மரணத்தை மறைத்தான் என்று கண்டுபிடிக்கிறவளுக்கு, சொந்தச் சந்தில் ஊரே சேர்ந்து மறைப்பது தெரியவில்லை.

வைவா ஆவணியில் வந்தது, கல்லூரியில் இல்லை, ஆட்டோ போகிற பக்கம் இருந்த பல்கலைக்கழக வளாகத்தில். தூரத்திலிருந்து வந்த தேர்வாளர் நிறையக் கேட்டார். கடைசியாக, இந்த மகன்கள் துக்கத்தை இவ்வளவு எழுதியிருக்கிறாயே, செத்தவர்களின் மனைவிகள் என்ன ஆனார்கள் என்று கேட்டார். அதிகாரிகளின் மனுவில் அது வராது, சோர்ஸ் கிடையாது என்றேன். சரியான பதில் என்று தலையாட்டினார். எல்லோரும் கை குலுக்கினார்கள், பேடா கொடுத்தார்கள். மேடம் மட்டும் பேடாவைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் நின்றார். அம்மாவுக்கு போன் செய்தேன், லைன் கிடைக்கவில்லை. நான் டாக்டர் ஆகிவிட்டேன் என்று முதலில் அப்பா காதில்தான் சொல்ல வேண்டும் என்று வேறு யாருக்கும் போன் செய்யவில்லை.

வளாக வாசலில் சித்தப்பா அப்பாவின் ஆட்டோவோடு நின்றார். நான் வரச் சொல்லவில்லை. "ஏறுட்டி," என்றார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆட்டோ ஓடும் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே வந்தேன். குர்லா பக்கம் ஒரு சிக்னலில் வண்டி நின்றது. சித்தப்பா திரும்பிப் பார்க்காமல் பேசினார்.

"அண்ணன் இல்லட்டி."

"எங்க போயிருக்காவ?" என்று கேட்டேன். சத்தியமாக அப்படித்தான் கேட்டேன்.

"ஆனியிலேயே போயிட்டான். நாந்தாம் கொள்ளி வச்சேன். வைவா முடியுத வரைக்கும் ஒனக்குச் சொல்லக்கூடாதுன்னு அவஞ் சொல்லிட்டுத்தாம் போனான். ஒங்கம்மா வண்டி ஏறிட்டா, நாளைக்கு வந்துருவா."

சிக்னல் பச்சையானது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். சித்தப்பா தோள்கள் குலுங்கினதால் வண்டியை எடுக்க முடியவில்லை. நான் இறங்கி ஓட வேண்டும் போல் இருந்தது, எங்கே ஓடுவது? நான் அழவில்லை. ஆனிக் கடைசியில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்றுதான் மனசு தேடியது. அடிக்குறிப்புகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன்.

சந்துக்குள் நுழைந்தபோது பெண்கள் கூடியிருந்தார்கள். எங்கள் சனத்தில் சாவுக்கு யார் புதிதாக வந்தாலும் கட்டிப்பிடித்து முதலிலிருந்து அழுவார்கள். எனக்காக அழுவார்கள் என்று நினைத்தேன். அவர்கள் எல்லோரும் ஏற்கெனவே அழுது முடித்திருந்தார்கள். கொடையும் கும்பிட்டு முடித்திருந்தார்கள். அவர்கள் முகத்தில் இருந்தது, ரொம்ப நாளாகச் சுமந்த மூட்டையை இறக்கி வைத்த நிம்மதி. பக்கத்து வீட்டு அக்கா ஒரு வாளி தண்ணீரோடு வந்தாள். "பதினாறு கழிஞ்சு சேதி கேட்டா தீட்டுக்கு ஒரு முழுக்குத்தாம். தலைக்கு ஊத்திக்கோ, எல்லாம் சரியாயிரும்," என்று என் தலையில் ஊற்றினாள். வைவாவுக்குக் கட்டின பட்டுச் சேலையோடு நனைந்தபடி நின்றேன். ஒரு வாளியோடு என் அப்பா முடிந்துபோனார். அந்தச் சீனாக்காரனுக்கு அன்றைக்குத்தான் கணக்கு ஆரம்பித்திருக்கும். இருபத்தேழு மாதம் வேலையும் வேண்டாம், பதவியும் வேண்டாம் என்று உட்கார்ந்து அழ அவனுக்குச் சட்டம் இடம் கொடுத்தது. எனக்கு மறுநாள் காலையில் நூலகத்தில் புத்தகம் திருப்பிக் கொடுக்கிற கெடு இருந்தது.

அம்மா வந்து இறங்கினாள். ரயில் பெட்டி வாசலில் அவள் நெற்றியைப் பார்த்தேன், கழுத்தைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். பையை வாங்கிக்கொண்டேன். வீடு வரும் வரை ஒன்றும் பேசவில்லை, வந்த பிறகும் பேசவில்லை. எனக்கு அவள் மேல் அவ்வளவு ஆத்திரம். அவள் வைத்த குழம்பைச் சாப்பிட்டுவிட்டு மேலே ஏறிப் படுத்துக்கொள்வேன். கீழே அவள் தனியாகப் படுத்திருப்பாள். நாட்கள் அப்படியே போயின.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மேடம் துக்கம் விசாரிக்க வந்தார். எங்கள் வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. சாக்கடைப் பலகையைத் தாண்டும்போது சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முன்பே பழகியவர் மாதிரி சித்தப்பா கையைப் பிடித்து வந்தார். அந்தக் கையைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

"மேடம், உங்களுக்கும் தெரியுமா?"

"உன் சித்தப்பா ஆடி மாசமே ஆத்துக்கு வந்து என் கையைப் பிடிச்சுண்டு அழுதார். நான் என்ன பண்ணுவேன், சொல்லு."

"பிரைமரி சோர்ஸைப் பாக்காம ஒரு வரி எழுதக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? என் அப்பாவை நான் பாக்க வேண்டாமா?"

மேடம் அம்மா கொடுத்த காபியைக் குடிக்காமல் ஆறவிட்டார். போகும்போது என் தலையில் கை வைக்க வந்தார், நான் நகர்ந்துகொண்டேன். அவர் நல்லவர்தான், அது எனக்குத் தெரியும். அன்று அந்தக் கை எனக்கு வேண்டாமாக இருந்தது.

அவர் போன பிறகு அம்மா மேல் பாய்ந்தேன். எல்லாம் சேர்ந்து வந்தது. "அவரு சொன்னா நீ கேட்டுருவியா? சாவப்போற மனுசன் சொன்னாருன்னு எங்கிட்ட மறைப்பியா?"

அம்மா ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "சத்தியம் வாங்கிட்டாவட்டி. கையில அடிச்சு வாங்கிட்டாவ. எம் புள்ளய யாரும் பாதியில கூப்புடக்கூடாதுன்னாவ."

இது நான் சொன்ன அந்தச் சீன உத்தரவுக் கதையிலிருந்து அவருக்கு வந்த யோசனையா? நானே அவருக்குச் சொல்லிக் கொடுத்தேனா? இன்றுவரை யோசிக்கிறேன். நான் சொல்லியிருக்காவிட்டாலும் இதைத்தான் செய்திருப்பார் என்று சில நாள் தோன்றும், சில நாள் தோன்றாது. எழுதி வைத்தது எதுவும் இல்லை. கேட்க அவரும் இல்லை.

"தெனம் நான் பேசினேனேம்மா. காதுல வைன்னு சொன்னேனே. அப்ப போனை எங்க வச்சிருந்த?"

"எங்காதுலதாம்."

"தலைய ஆட்டுதாவன்னு சொன்னியே."

"நாந்தாம் ஆட்டுனேன்."

"எப்படிம்மா முடிஞ்சுது உன்னால?" என்று கத்தினேன். எதிரே தையல் மெஷின்கள் நின்றுவிட்டன.

அம்மா குரலை உயர்த்தவில்லை. முறத்தைப் பார்த்தபடியே சொன்னாள். "தாலி எறக்குன அன்னைக்கும் நீ போன் போட்ட. பொம்பளையாளுவ எல்லாரும் சுத்தி உக்காந்து அழுதிட்டிருந்தாளுவ. கையக் காட்டி எல்லாத்தையும் நிப்பாட்டச் சொல்லிட்டு எடுத்தேன். நீ ஏதோ ராஜா, மந்திரின்னு பேசுன. சிரிச்ச. நான் மூலையில உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தேன். சத்தியமாவது மண்ணாவதுன்னு இருந்துச்சு எனக்கு. அப்பா எப்படி இருக்காவ, அப்பா எப்படி இருக்காவன்னு தெனமும் கேட்ட. ஒரு நாளாவது, நீ எப்படிம்மா இருக்கன்னு கேப்பன்னு பாத்தேன். கேட்டிருந்தா என்னால தாங்கிருக்க முடியாது. சொல்லிருப்பேன்."

அந்த நாட்களின் ஒவ்வொரு போனையும் நினைத்துப் பார்த்தேன். நான் கேட்கவே இல்லை. ஒரு தடவைகூட இல்லை. அவள் குரல் கட்டியிருந்தது எனக்குக் கேட்டது, அதற்கு ஏசியைக் காரணம் சொல்லிக்கொண்டு, காதுல வை என்றேன்.

ஏணிப்படியில் உட்கார்ந்திருந்தவள் இறங்கி அவள் எதிரே தரையில் உட்கார்ந்தேன். முறத்தை மெல்ல இந்தப் பக்கம் இழுத்து வைத்தேன். அவள் விரல்கள் இன்னும் கல்லைத் தேடுகிற மாதிரி அசைந்துகொண்டிருந்தன.

"நீ எப்படிம்மா இருக்க?"

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். வாய் கோணியது.

"நல்லா இல்லட்டி," என்றாள்.